பல்லாவரத்து ஆதிமனிதனும் பன்னிக்கறி ரோஸ்ட்டும்

இந்தியாவில் முதன்முதலாக ஒரு பழைய கற்காலக் கருவி கண்டெடுக்கப்பட்ட இடம் எது? ஹரப்பா, மொகஞ்சதாரோ என்று சொல்பவர்கள் பெஞ்சு மேல் ஏறவும். பல்லாவரம்! 1863-ம் வருடம் மே 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற வெள்ளைக்காரர் அங்கே ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். நான் குடியிருப்பது குரோம்பேட்டை. மின்சார ரயிலில் அடுத்த ஸ்டேஷன். ஆக, ஆதிமனிதன் எனக்குப் பக்கத்து ஊர்க்காரன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான்கு மாதமாக அவன் சாப்பாட்டைத்தான் நானும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பேலியோ!

எல்லாம் ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசியால் வந்த வினை. ஏஜென்ட் கேட்டாரே என்று ரத்தம் கொடுத்தேன். எச்பிஏ1சி 6.2 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் நல்ல பிள்ளை. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோயாளி. நான் நடுவில், திரிசங்கு சொர்க்கத்தில். நான் படித்தது பி.காம். எங்கள் பாஷையில் இதற்கு, 'கம்பெனி இன்னும் திவாலாகவில்லை, ஆனால் பேங்க்காரன் வாசலில் நிற்கிறான்' என்று அர்த்தம்.

சிரிக்கிற விஷயம் இல்லைதான். என் அப்பாவுக்கு வலது காலில் மூன்று விரல். மற்ற இரண்டையும் ஆறு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மா போனதிலிருந்து எங்களோடு இருக்கிறார். தினமும் காலையில் வாசல் திண்டில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியைக் காலுக்கு அடியில் பிடித்து, புதிதாகப் புண் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பார். எனக்கு முப்பத்தாறு வயது. அந்தக் கண்ணாடி எனக்கும் வரும் என்று அந்த 6.2 சொல்லிற்று.

முன்பு ஒரே ஆபீசில் என்னோடு குப்பை கொட்டிய நண்பர்தான் என்னை பேலியோவில் சேர்த்துவிட்டவர். காலையில் நூறு பாதாம். டீயில் வெண்ணெய். மதியம் முட்டை, கீரை. ராத்திரி கறி. இட்லி, தோசை, சோறு, சப்பாத்தி, சர்க்கரை எல்லாவற்றுக்கும் டாட்டா. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்கினேன். "மாத்திரை எதுவும் சாப்பிடலை, கிட்னியும் ஓ.கே., மூணு மாசம் பார்க்கலாம்" என்றார். (ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலிருந்து சோற்றை நிறுத்தாதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழுந்து, வீட்டில் என்னைத் திட்டுவார்கள்.)

எடை ஒன்பது கிலோ குறைந்தது. பழைய பேண்ட்டெல்லாம் இடுப்பில் ஏறிற்று. லாபக் கணக்கு இவ்வளவுதான். நஷ்டக் கணக்கு என்னவென்றால், நான்கு மாதமாக நான் தனியாகச் சாப்பிடுகிறேன்.

முதலில் நான்தான் கிச்சனிலேயே நின்றுகொண்டு சாப்பிட ஆரம்பித்தேன், சோற்று வாசனை தாங்காமல். அப்புறம் மனசு கெட்டியாகி மேஜைக்கு வந்தபோது, அப்பா தட்டை எடுத்துக்கொண்டு தன் ரூமுக்குப் போய்விட்டார். "ஏம்ப்பா?" என்றேன்.

"சோறு திங்காதவன் முன்னால உக்காந்து சோறு தின்னா, திருட்டுத்தனம் பண்ற மாதிரி இருக்குடா."

அதற்கு என்ன பதில் சொல்வது?

அந்த வாரம்தான், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி, பேலியோ சட்டத்துக்கும் விரோதமில்லாத மாதிரி ஒன்றைச் செய்தே தீருவது என்று முடிவு கட்டினேன். பன்றி ரோஸ்ட், பழங்களோடு. மேல்நாட்டில் இது ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம். இங்கிலீஷ்காரன் பன்றிக்கு ஆப்பிளைத் துணை வைப்பான். டென்மார்க்காரன் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஆப்பிளையும் உலர்ந்த பிளம்ஸையும் சேர்ப்பான். அவ்வளவு தூரம் போவானேன்? நம் குடகில் பன்றிக் கறிக்குக் காச்சம்புளி ஊற்றுகிறார்கள், கோவாவில் வினிகர். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். பன்றியில் கொழுப்பு ஜாஸ்தி. கூடவே புளிப்பு இருந்தால்தான் நாலாவது துண்டும் உள்ளே இறங்கும்.

விஷயத்தை வெளியிட்டதும் இரண்டு பக்கத்திலிருந்தும் கணை வந்தது.

"என்னது, பன்னியா?" இது என் மனைவி. "ஹவுஸ் ஓனருக்குத் தெரிஞ்சா என்னங்க ஆகும்? மட்டனுக்கே எக்ஸாஸ்ட் ஃபேன் போடச் சொல்ற ஆளு அவரு! அதோட, அதைத் தின்னா மூளையில புழு ஏறும்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க."

"என்னது, பழமா?" இது நண்பர். "நாலு மாசம் தவம் பண்ணிட்டு இப்ப அன்னாசிப்பழமா? உங்களை நான் என்னவோன்னு நினைச்சேன்!"

முதலில் நண்பரின் வழக்கை எடுத்துக்கொள்வோம். பேலியோ என்பது ஒரே கட்சி இல்லை. 1975-ல் வால்டர் வோக்ட்லின் என்கிற அமெரிக்க வயிற்று டாக்டர் 'கற்கால உணவு' என்று ஒரு புத்தகம் போட்டார். 1985-ல் ஈட்டன், கோனர் என்று இரண்டு பேர் பெரிய மருத்துவப் பத்திரிகையில் எழுதியபோதுதான் படித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 2002-ல் லோரன் கார்டைன் எழுதிய புத்தகம் அதை ஊரெல்லாம் பரப்பியது. இந்த அமெரிக்க பேலியோவில் பழம் உண்டு, பால் கிடையாது. தமிழ்நாட்டுக்கு அது வந்து சேர்ந்தது 2010-களின் நடுவில், நியாண்டர் செல்வனின் எழுத்து மூலமாக. வரும்போதே மாவுச்சத்தை ஒரு நாளைக்குச் சுமார் 40 கிராமுக்குள் அடக்குகிற கறாரோடு வந்தது. அதனால் இங்கே வெண்ணெய், பனீர் உண்டு, பழம் கிட்டத்தட்ட கிடையாது. இரண்டு ஆதிமனிதர்களும் ரங்கநாதன் தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளமாட்டார்கள்.

நான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஆப்பிள் 300 கிராம், அன்னாசி 250 கிராம், கெட்டிக் கொய்யா 200 கிராம். முக்கால் கிலோ பழத்தில் மாவுச்சத்து மொத்தம் நூறு கிராம் சொச்சம். நான்கு பேர் சாப்பிட்டால் தலைக்கு 25 கிராம். அதிலும் ஐந்து கிராம் வெறும் நார், குறிப்பாகக் கொய்யாவின் புண்ணியத்தில். அதே சமயம் ஒரு தட்டுச் சோறு, 300 கிராம் என்று வைத்துக்கொண்டால், 84 கிராம். "அன்றைக்குக் காலையில் முட்டையோடு நிறுத்திக்கொண்டால் பட்ஜெட் இடிக்காது" என்று ட்ரையல் பேலன்ஸைக் காட்டினேன். நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். தப்பு கிடைக்கவில்லை. "வாழைப்பழம், மாம்பழம் கூடாது" என்று ஒரு திருத்தம் மட்டும் கொண்டுவந்தார். ஏகமனதாக ஏற்கப்பட்டது.

அடுத்தது மாமியார் கட்சி. புழு பயம் பொய் இல்லை. நாடாப்புழு என்று ஒன்று உண்டு. வேகாத பன்றிக்கறி மூலமாக அது குடலுக்குள் வரும். ஆனால் மூளைக்குப் போகிறதே, அது வேறு வழி. வயிற்றில் புழு உள்ள மனிதனின் மலத்திலிருந்து அதன் முட்டைகள் தண்ணீரிலோ, பச்சைக் காய்கறியிலோ, கழுவாத கையிலோ கலந்து நம் வாய்க்குள் போனால்தான் மூளையில் கட்டியாக உட்காரும். அதாவது ஜன்மத்தில் பன்றியைத் தொடாத சுத்த சைவருக்கும் அது வரலாம்! கறியை நன்றாக வேகவைப்பது, கையையும் காயையும் கழுவுவது, இரண்டும்தான் மருந்து. மனைவி இதைக் கேட்டுவிட்டு, கொத்துமல்லிக் கட்டை எடுத்துப்போய் மூன்று தண்ணீரில் அலசினாள்.

ஹவுஸ் ஓனருக்கு மட்டும் பதில் தயாராக இல்லை. 'மட்டன் என்று சொல்லிக்கொள்ளலாம்' என்று கோழைத்தனமாகத் தீர்மானித்தோம். அப்பாவிடமும் அதையேதான் சொன்னோம். அவர் கோபப்படுவார் என்றுதான் எனக்கு உள்ளூர உதறல். எங்கள் வீட்டில் இதுநாள்வரை பன்றி என்ற பேச்சே எழுந்ததில்லை.

சனிக்கிழமை காலை கடைக்குப் போனேன். வெண்பன்றி, தோள் பகுதி, தோலோடு ஒன்றரைக் கிலோ. இங்கே ஓர் எச்சரிக்கை. "ஒன்றரைக் கிலோ" என்று வாய் திறந்த உடனே கடைக்காரர் பழக்கதோஷத்தில் குழம்புக்கு வெட்டுகிற மாதிரி டக்டக்கென்று துண்டு போட ஆரம்பித்துவிடுவார். முதல் வெட்டு விழுந்த பிறகுதான் நான் "ஐயோ, முழுசா!" என்று கத்தினேன். "முழுசாவா? எப்படி சார் வேகும்?" என்று பரிதாபமாகப் பார்த்தார்.

வேகும். ஆனால் ராத்திரியே வேலையை ஆரம்பிக்க வேண்டும். தோலைத் துணியால் ஒற்றி, ஈரமே இல்லாமல் துடைத்து, புது பிளேடால் விரல் இடைவெளியில் கோடு கோடாகக் கீறினேன். கீறல் கொழுப்போடு நிற்க வேண்டும், சதையில் இறங்கக் கூடாது. கல் உப்பை இடித்து ஒரு மேஜைக்கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு ஒரு மேஜைக்கரண்டி, சோம்பு ஒரு டீஸ்பூன், எட்டுப் பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி. இதையெல்லாம் அரைத்துச் சதைப் பக்கம் மட்டும் தேய்த்தேன். தோலுக்கு உப்பு மட்டும். மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்தேன். மூடினால் தோல் வியர்த்துவிடும், வியர்த்த தோல் மொறுமொறுக்காது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மேதாவித்தனம் தோன்றியது. அன்னாசிச் சாற்றிலேயே ராத்திரி முழுக்க ஊறவைத்தால் என்ன? நல்லவேளை, மனைவி தடுத்தாள். "மட்டன் வேகலைன்னா எங்கம்மா பப்பாளிக்காய் ஒரே ஒரு துண்டு போடுவாங்க. கூடப் போட்டா கறி கூழாயிடும். அன்னாசியும் அந்த ஜாதிதான்." அவள் சொன்னது சயன்ஸ். பச்சை அன்னாசியில் புரோமெலின் என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. புரதத்தை அறுத்துத் தள்ளுகிற வேலைக்காரன். அன்னாசி நிறைய தின்றால் நாக்கு எரிகிறதே, அவன் வேலைதான். சூடு பட்டால் செத்துப்போவான். ஆகவே பழம் கடைசியில்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு 'அவனை' மூட்டினேன். (கேக் செய்வதற்காகக் கல்யாணம் ஆன புதிதில் வாங்கிய சின்ன அவன். இரண்டு கேக்கோடு ஓய்வுபெற்றவன்.) 220 டிகிரியில் இருபத்தைந்து நிமிஷம். பிறகு 160-க்குக் குறைத்து இரண்டு மணி நேரம். தட்டில் அரை டம்ளர் தண்ணீர், தோல் உரித்த சின்ன வெங்காயம் ஒரு கை, உரிக்காத பூண்டு இரண்டு முழுசு, கறிவேப்பிலை. தண்ணீர் இல்லாவிட்டால் சொட்டுகிற கொழுப்பு தீய்ந்து, எக்ஸாஸ்ட் ஃபேனும் காப்பாற்றாது.

முடிய நாற்பது நிமிஷம் இருக்கும்போது பழம். ஆப்பிளைத் தோலோடு நான்காக, பச்சை ஆப்பிள் என்றால் உத்தமம். கொய்யாவைக் கல் மாதிரி இருக்கும்போதே விதை நீக்கி எட்டாக. அன்னாசி பெரிய பெரிய துண்டாக. கறியின் மேலே குவிக்காமல் சுற்றிலும் அந்தக் கொழுப்பிலேயே உருட்டிவிட வேண்டும். மேல்நாட்டான் இதற்கு நாட்டுச்சர்க்கரையும் தேனும் தடவிப் பளபளவென்று ஆக்குவான். நமக்குத் தேவையில்லை. பழத்தின் விளிம்பு தானாகவே கருகி, அதிலிருந்து வருகிற இனிப்பே போதும்.

வெந்ததா என்று எப்படித் தெரியும்? குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அமெரிக்க அரசு 2011-ல் முழுத் துண்டுப் பன்றிக்கறிக்கு உள்ளே 63 டிகிரி, பிறகு மூன்று நிமிஷம் ஆறவிடு என்று விதியைத் தளர்த்தியது. கொத்துக்கறிக்கு 71. ஆனால் அந்த 63 முதுகுக் கறிக்குத்தான் ருசி. தோளில் ஜவ்வு அதிகம். அது கரைய 85, 90 டிகிரி ஆகிவிடும். நாம் அதுவரை போகிறோம், புழுவுக்கும் நிம்மதி, மாமியாருக்கும் நிம்மதி. கடைசியில் மறுபடி 220-ல் பத்து நிமிஷம், தோல் பொரிய. வெளியே எடுத்து இருபது நிமிஷம் கத்தியே வைக்கக் கூடாது.

மேன்ஷன்வாசிகள் முகம் சுருங்குவது தெரிகிறது. அவன் இல்லையா? குக்கரில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, விசில் வந்த பிறகு தணலில் அரை மணி. ஆவி அடங்கியதும் கறியை எடுத்துத் துடைத்து, இரும்புச் சட்டியில் அதன் கொழுப்பிலேயே எல்லாப் பக்கமும் புரட்டிச் சிவக்க விடுங்கள். கடைசியில் பழத்தை அதே சட்டியில் வாட்டுங்கள். தோல் மொறுமொறுக்காது, மற்றபடி குறையில்லை.

ஆறு மணிக்கு நண்பர் வந்தார். ஆறரைக்கு வாசனை வந்தது. சோம்பும் மிளகும் பூண்டும் கொழுப்பில் பொரிகிற வாசனையில் கருகிய அன்னாசியும் சேர்ந்தால்... அந்தத் தெருவிலேயே எங்கள் வீடு மட்டும் கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "மட்டன் சார்!" என்று கேட்காமலே சொன்னேன்.

அப்போதுதான் அப்பா ரூமிலிருந்து வந்தார். கிச்சன் வாசலில் நின்று, மேடை மேல் ஆறிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். நான் தயாரித்து வைத்திருந்த பொய்யைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"தோலைப் பொசுக்கி வாங்கினியா, வெந்நி ஊத்தி வழிச்சதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வழிச்சதுதான் நினைக்கிறேன்..."

"வைக்கோல்ல பொசுக்கணும். அந்த ருசியே வேற."

மட்டன் சாப்பிட்டு மட்டுமே பழகியவர் இப்படிக் கேட்கமாட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் நண்பரைப் பார்த்தேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜையில் உட்கார்ந்தார். நான்கு மாதம் கழித்து.

தர்மபுரிப் பக்கம் அவர் ஊரில் திருவிழாவுக்குத் திருவிழா பன்னிக்கறிதானாம். தாத்தா கையால் பங்கு போடுவாராம். 1979-ல் வேலை கிடைத்து மெட்ராசுக்கு வந்தார். ஆபீசில் மதியம் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்து ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டு சாப்பிடுவார்கள். பொங்கல் லீவு முடிந்து போன அன்று, ஊரில் என்ன விசேஷம் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அப்பா வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார்.

"அன்னிக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. மறுநாள்லேர்ந்து என் டப்பாவுல யாரும் கை வைக்கலை. நான் நீட்டினா, 'வயிறு சரியில்லை சார்'னுவாங்க. அத்தனை பேருக்குமா வயிறு சரியில்லாம போகும்? தனியா உக்காந்து தின்னேன். உங்கம்மாகிட்டகூட சொல்லலை. அதோட விட்டதுதான்."

சர்வீஸ் மொத்தம் முப்பத்தைந்து வருஷம். ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டுக்கொண்டு வந்த போட்டோ இன்னும் ஹாலில் மாட்டியிருக்கிறது.

யாருக்கும் பேச்சு வரவில்லை. நண்பர்தான் காப்பாற்றினார். "பெரியவரே, பெரும்பாணாற்றுப்படை படிச்சிருக்கீங்களா? சங்க காலத்துலயே பன்னியைக் குழியில வெச்சு வளர்த்து, அந்தக் கொழுத்த கறியைக் கள்ளோட விருந்து போட்டிருக்கான். ஆனா ஒரு சோகம் என்னன்னா, அந்தப் பன்னிக்குப் போட்ட தீனி அரிசி மாவு! பன்னிக்குக் கிடைச்ச அரிசி எனக்குக் கிடையாது!" அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார்.

கத்தி வைத்தபோது தோல் அப்பளம் மாதிரி உடைந்தது. உள்ளே சதை நார் நாராகப் பிரிந்தது. தட்டின் அடியில் நின்ற சாற்றில் மேலாகக் கொழுப்பை வழித்துவிட்டு, அரை எலுமிச்சம்பழம் பிழிந்தேன். மைதா, சோளமாவு ஒன்றும் கிடையாது. கொய்யாதான் எதிர்பாராத ஹீரோ. கெட்டியாகவே நின்று, உள்ளே மட்டும் ஜாம் மாதிரி ஆகியிருந்தது. ஆப்பிள் கொஞ்சம் குழைந்துவிட்டது, அடுத்த தடவை அரை மணிதான். பழமே கூடாது என்ற நண்பர் மூன்றாவது அன்னாசித் துண்டை எடுக்கும்போது, நான் பேப்பரில் குறித்துக்கொண்டிருந்தேன். "எழுதாதீங்க!" என்றார்.

ஒன்று சொல்லாவிட்டால் மோசடி. இந்தத் தட்டில் உண்மையான கற்காலம் எதுவுமே இல்லை. பன்றியை மனிதன் வீட்டு மிருகமாக ஆக்கியதே சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னால், விவசாயம் தொடங்கிய காலத்தில்தான். ஆப்பிள் கஜகஸ்தான் மலையிலிருந்து வந்தது. கொய்யாவும் அன்னாசியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அன்னாசியைப் போர்ச்சுகீசியர்கள் இறக்கியது 16-ம் நூற்றாண்டில். பல்லாவரத்து ஆதிமனிதன் இதைப் பார்த்தால் கோடரியைத் தூக்கிக்கொண்டு ஓடியே போயிருப்பான்.

அப்பா இரண்டாவது தரம் தோல் துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். சாப்பிடுவதற்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை 142. வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். தட்டில் மிச்சம் இருந்த சாற்றை விரலால் ஒரு கோடு இழுத்து நக்கிப் பார்த்தவர், கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு மருமகளிடம் மெதுவாக,

"ஏம்மா, ஒரே ஒரு கரண்டி சோறு கிடைக்குமா? இந்தச் சாறு வீணாப் போகுதே" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய்க் குக்கரைத் திறந்து, குழிக்கரண்டியில் தலை தட்டி ஒரு கரண்டி எடுத்துவந்து அவர் தட்டில் போட்டேன். பேப்பரில் 'சோறு: 60 கிராம்' என்று எழுதினேன். நண்பர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, என் கரண்டியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அடியில கொஞ்சம் ஒட்டிட்டிருக்கே சார்" என்றார்.